தோட்டாக் கூட்டின் கழுத்தை இறுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல் மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் முதலில் குழம்புகிற இடம் கழுத்துதான். எதைக் கொண்டு இறுக்குவது, எவ்வளவு இறுக்குவது, ஏன் பிளக்கிறது என்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "தோட்டா" என்றுவிடுகிறோம். இங்கே தோட்டா என்றால் நிரப்பி முடித்த முழுப் பொருள், குண்டு என்றால் பறந்து போவது, கூடு என்றால் பின்னால் மிஞ்சுகிற பித்தளை. கூட்டின் வாயருகே குண்டைப் பிடிக்கிற குறுகிய பகுதி கழுத்து, அது அகன்று உடம்போடு சேரும் சரிவு தோள். அளவுக்குப் பட்டறைப் பேச்சில் வரும் "தௌ" என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.025 மில்லிமீட்டர்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்ப உரிமம் கேட்கிற நாடுகள் உண்டு, அடியோடு தடை செய்த நாடுகளும் உண்டு. உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் பிரஸ் (கூட்டை டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தும் கைப்பிடி இயந்திரம்) வாங்காதீர்கள். வெடிமருந்தின் அளவு பற்றி இங்கே ஒரு வரிகூட இருக்காது, அதற்கு மருந்து தயாரிப்பவர்கள் போடும் கையேடு இருக்கிறது.

சுட்டதும் கழுத்துக்கு என்ன ஆகிறது? ஏன் இறுக்க வேண்டும்?

.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அந்த அழுத்தத்தில் பித்தளை பலூன் மாதிரி உப்பி சேம்பர் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் சூடான வாயு பின்பக்கமாக உங்கள் முகத்துக்கு வராமல் அடைபடுகிறது. அழுத்தம் இறங்கியதும் கூடு கொஞ்சம் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. வெளியே எடுத்த கூட்டுக்குள் ஒரு புதுக் குண்டைப் போட்டுப் பாருங்கள், தானாக உள்ளே விழும். சுட்ட கூட்டில் குண்டு தாராளமாகப் போகவில்லை என்றால் சேம்பரில் கழுத்துக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம், அது ஆபத்து, அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

ஆகக் கழுத்தைக் குண்டின் விட்டத்தைவிட ஒரு நூலிழை சின்னதாக்க வேண்டும், குண்டு உள்ளே போகும்போது பித்தளை மீள்தன்மையால் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடி ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே மாதிரி இருந்தால் குண்டு ஒரே மாதிரி கிளம்பும்.

எவ்வளவு இறுக்குவது?

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றுவது) 2 தௌ போதும். 3 வரை போகலாம். இறுக்க இறுக்கப் பிடி கூடிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 5 தௌ இறுக்கிய கழுத்தில் குண்டை அழுத்தினால் குண்டே கழுத்தை விரித்துவிடும், பித்தளை மீளும் எல்லையைத் தாண்டிவிட்ட பிறகு மிச்சமிருப்பது அந்த முதல் சில தௌ தரும் பிடிதான். கூடுதலாகக் கிடைப்பது குண்டின் மேல் கீறலும் கோணலும்.

கணக்கு எளிது. .308 குண்டின் விட்டம் 0.308 அங்குலம். கழுத்துச் சுவர் 0.015 என்று வைத்துக்கொள்வோம், இரண்டு பக்கமும் சேர்த்து 0.030. குண்டு ஏற்றிய கழுத்தின் வெளி விட்டம் 0.338. இதில் 2 கழித்தால் 0.336, இதுதான் இறுக்கி முடித்ததும் காலிப்பரில் தெரிய வேண்டிய எண். கூடு தயாரித்த கம்பெனி மாறினால் சுவர் தடிமனும் மாறும், எனவே என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் தோட்டாவை அளங்கள்.

பிடி குறைந்தால் என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். மேகசினிலிருந்து ஏறும்போது குண்டு உள்ளே தள்ளப்படலாம், உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அல்லது சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு பேரலிலேயே மாட்டிக்கொண்டு கூடு மட்டும் வர, மருந்து முழுவதும் ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். சோதனைக்கு மருந்து, பிரைமர் (அடியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத கூட்டில் குண்டை ஏற்றி, முனையை மேசையில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள், நகரக்கூடாது.

டை செட்டோடு வந்த சாதாரண டையே இதைச் செய்கிறதே, பிறகு எதற்கு வேறு டை?

செய்கிறது, ஆனால் பித்தளையை வதைத்துச் செய்கிறது. சாதாரண டை எல்லாக் கம்பெனிக் கூட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, மிக மெல்லிய சுவரையும் இறுக்கும் அளவுக்குச் சின்னதாகக் கடையப்பட்டிருக்கும். நம் உதாரணக் கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டு வெளியே வந்தபோது கழுத்து சுமார் 0.343, டை அதை 0.331 வரை நசுக்கும், திரும்பி வரும் வழியில் உள்ளே தொங்குகிற விரிப்பு உருண்டை அதை 0.336க்கு விரிக்கும். 12 தௌ நசுக்கி 5 தௌ விரித்தது, மொத்தம் 17. நமக்குத் தேவைப்பட்டதோ வெறும் 7.

தொல்லை இதோடு முடியவில்லை. அந்த உருண்டை கழுத்தைக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு வெளியேறும்போது கூட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. உள்பக்கம் காய்ந்து கிடந்தால் "கிரீச்" என்று ஒரு சத்தம் கேட்கும், பிரஸ் கைப்பிடி முரண்டு பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தோளும் கொஞ்சம் முன்னால் இழுபட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். குழி தோண்டிவிட்டு அதே மண்ணைப் போட்டு மூடுகிற வேலை இது. வேட்டைக்குச் சுடுகிற துப்பாக்கிக்கு இது பெரிய குறையே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உருண்டையைப் பளபளவென்று தேய்த்து, கழுத்துக்குள் கொஞ்சம் மசகு தொட்டுவிட்டால் சாதாரண டையும் நல்ல தோட்டா தரும்.

புஷ்ஷிங், காலெட், மேண்ட்ரல்: எதை வாங்கலாம்?

புஷ்ஷிங் டையில் கழுத்தை இறுக்கும் வளையம் தனியாக வரும், ஒவ்வொரு தௌவுக்கும் ஒரு வளையம் கிடைக்கும், மேலே கணக்கிட்ட 0.336ஐ வாங்கிப் போட்டுவிடலாம். தேவைக்கு மேல் ஒரு தௌகூட நசுங்காது. குறைகள் இரண்டு. வெளியிலிருந்து இறுக்குவதால் சுவர் தடிமனில் உள்ள ஏற்ற இறக்கம் அத்தனையும் உள்பக்கம் போய்விடும். அப்புறம், ஒரே அடியில் 5 தௌவுக்கு மேல் இறக்கினால் கழுத்து கோணலாக வாய்ப்புண்டு, அப்போது இரண்டு வளையத்தில் படிப்படியாக இறக்குவது நல்லது. கழுத்து தோளோடு சேரும் கடைசித் துண்டை வளையம் தொடாமல் விட்டிருப்பதைப் பார்த்து டை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அமைப்பே அப்படித்தான்.

காலெட் டை வேறு வழி. நடுவில் ஒரு கம்பி, வெளியே பிளவுபட்ட விரல்கள், விரல்கள் கழுத்தைக் கம்பியின் மேல் அமுக்கும். உருண்டை இல்லை, இழுப்பு இல்லை, மசகுகூட வேண்டாம். உள்விட்டத்தைக் கம்பியே தீர்மானிப்பதால் சுவர் தடிமன் அதைப் பாதிப்பதில்லை. கை பழக ஒரு இருபது கூடு ஆகும், கைப்பிடியில் எவ்வளவு பலம் கொடுக்க வேண்டும் என்பது சொல்லி வருவதில்லை. செலவைப் பார்க்கிற ஒருவர் போல்ட் ஆக்‌ஷனுக்கு முதல் கழுத்து டை வாங்கப் போகிறார் என்றால் காலெட்தான் என் சிபாரிசு.

மேண்ட்ரல் என்பது உருண்டைக்கு மாற்று. உருண்டையைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள், பிறகு குண்டைவிட 2 தௌ சின்னதான வழுவழுப்பான கம்பியை மேலிருந்து கழுத்துக்குள் இறக்குங்கள். இழுப்பதற்குப் பதில் தள்ளுவதால் கூடு பிரஸ்ஸில் நேராக உட்கார்ந்திருக்கும்.

கழுத்தை மட்டும் இறுக்கினால் போதுமா, முழுக் கூட்டையும் இறுக்க வேண்டுமா?

இதில் ஆளுக்கு ஒரு கட்சி. கழுத்தை மட்டும் இறுக்கினால் உடம்பு உங்கள் சேம்பரின் அச்சாகவே இருக்கும், பித்தளை குறைவாக அலைக்கழியும். .303 பிரிட்டிஷ் சுடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், லீ-என்ஃபீல்டின் சேம்பர்கள் போர்க்களச் சேற்றையும் மனதில் வைத்துத் தாராளமாகக் கடையப்பட்டவை, கூட்டைப் பிடிப்பது பின்விளிம்பு, போல்ட் பூட்டும் இடமும் பின்னால். அதில் ஒவ்வொரு முறையும் முழுக் கூட்டை நசுக்கினால் சில சுற்றிலேயே அடிப்பகுதிக்கு மேலே கூடு இரண்டாக வெட்டிக்கொண்டு வரும். கழுத்து மட்டும் இறுக்கினால் அதே கூடு நெடுநாள் உழைக்கும்.

ஆனால் கழுத்து மட்டும் இறுக்கிய கூடு சில சுற்றுக்குப் பிறகு போல்ட்டை மூட விடாது, அப்போது எப்படியும் முழு டைக்குப் போக வேண்டும். ஆகவே என் வழி நடுவழி: முழு டையில் தோளை 1 அல்லது 2 தௌ மட்டும் பின்னுக்குத் தள்ளுவது, கழுத்துக்கு புஷ்ஷிங். தோள் எங்கே இருக்கிறது என்று கம்பேரேட்டர் (அடியிலிருந்து தோள் வரை அளக்க உதவும் கருவி) வைத்து அளக்காமல் டையைக் கடைசிவரை திருகிவிட்டால் தோள் ஏராளமாகப் பின்னால் போய், அடுத்த வெடிப்பில் கூடு நீண்டு அடிப்பகுதிக்கு மேலே மெலியும். வெளியே பளிச்சென்று ஒரு வளையக் கோடு தெரிந்தால் அதுதான். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரோடு தடவி மேலே இழுங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டைக் குறடால் நசுக்கிப் போட்டுவிடுங்கள்.

தானியங்கியாக ஏற்றும் ரைஃபிள் என்றால் வாதமே இல்லை, எப்போதும் முழு டை. ஒரு ரைஃபிளில் சுட்டுக் கழுத்து மட்டும் இறுக்கிய கூட்டை இன்னொரு ரைஃபிளில் போடாதீர்கள், காலிபர் ஒன்றே ஆனாலும் சேம்பர் ஒன்றல்ல.

மசகு எவ்வளவு போட வேண்டும்?

போடாமல் விட்டால் கூடு டைக்குள் சிக்கும். முதல் மாதமே நான் சிக்கவைத்தேன். அவசரத்தில் ஒரு கூடு மசகில்லாமல் போய்விட்டது, கைப்பிடியை இழுத்தேன், பின்விளிம்பு கிழிந்து கையோடு வந்தது, கூடு டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் திருகி இழுத்து எடுத்தேன்.

அதிகம் போட்டால் வேறு தண்டனை. எண்ணெய் நசுங்காது, பித்தளை நசுங்கும். தோளில் நகம் பதித்த மாதிரி குழி விழுந்தால் மசகு கூடிவிட்டது, அல்லது டையின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சின்னக் குழி அடுத்த முறை சுடும்போது சரியாகிவிடும். விரல் நுனியில் வழுக்குகிற அளவு, கண்ணுக்குத் தெரியாத அளவு, அதுவே போதும். கழுத்தின் உட்பக்கத்துக்கு மட்டும் எண்ணெய்ப் பசை வேண்டாம், கிராஃபைட் தூளோ மைக்காவோ தொட்டால் போதும், எண்ணெய் மருந்தைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் வெளி மசகைத் துடைக்க மறக்காதீர்கள்.

உள்பக்கக் கரியை முழுக்கச் சுத்தம் செய்யட்டுமா?

வேண்டாம். நைலான் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விடுங்கள். மெல்லிய கரிப்படலம் இயற்கையான மசகு. எஃகு ஊசி போட்டு ஈரத்தில் உருட்டிக் கண்ணாடி மாதிரி ஆக்கிய கழுத்தில் குண்டு பிடித்துப் பிடித்து இறங்கும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பலம் கேட்கும். அப்படிச் சுத்தமாக்கிவிட்டீர்கள் என்றால் கிராஃபைட் கட்டாயம்.

கழுத்து பிளந்துவிடுகிறதே, ஏன்?

கூட்டின் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க இது கடினமாகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் கடைசியில் ஒடிகிறதே, அதே கதை. ஒவ்வொரு வெடிப்பிலும் விரிந்து ஒவ்வொரு டையிலும் நசுங்கி, மீளும் குணம் ஏறி, பிடி கூட்டுக்குக் கூடு மாறி, கடைசியில் கழுத்து வாயிலிருந்து நீளவாக்கில் விரிசல் விடும். மேலே 17, 7 என்று கணக்குப் போட்டது இதற்காகத்தான்.

சுடாமலே பிளப்பதும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, உள்ளே இழுவிசை தங்கியிருந்த பித்தளையைத் தாக்கியதுதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் போட்டுக் கூட்டைத் துலக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். குத்துவிளக்குக்கு அது நல்லது, கழுத்துக்கு ஆகாது.

அனீலிங் (சூடாக்கி மென்மையாக்குவது) செய்தால் பழைய மென்மை திரும்புமா? வீட்டில் செய்யலாமா?

திரும்பும், செய்யலாம், ஆனால் ஒரு எல்லையோடு. கழுத்தும் தோளும் மட்டும் சூடாக வேண்டும். அடிப்பகுதி மென்மையானால் அடுத்த வெடிப்பில் அழுத்தத்தைத் தாங்காது, அதை எந்த வழியாலும் திரும்பக் கடினமாக்க முடியாது, குப்பைதான். மருந்தோ பிரைமரோ உள்ள கூட்டைத் தீயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கூட்டை ஒரு ஆழமான சாக்கெட்டில் நிறுத்தி, மெதுவாகச் சுழலும் டிரில்லில் மாட்டி, புரொபேன் தீயின் நீல முனையைக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் காட்டுங்கள். சில நொடிதான். அறையை இருட்டாக்கினால் கழுத்தில் மங்கலான சிவப்பு எட்டிப்பார்ப்பது தெரியும், அந்த நொடியில் எடுத்துவிடுங்கள். ஆரஞ்சாகப் பிரகாசித்தால் தாண்டிவிட்டீர்கள், அந்தக் கழுத்து ஈயம் மாதிரி பிடிப்பின்றிப் போகும். வெப்பம் காட்டும் பெயிண்டை உட்பக்கம் தடவி நொடிக் கணக்கை ஒருமுறை நிர்ணயித்துக்கொண்டால் பிறகு கண்ணை நம்ப வேண்டியதில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றிக் கூடுகளை நிற்கவைத்துச் சூடேற்றித் தட்டிவிடும் பழைய முறை எனக்குப் பிடிக்காது, தீ ஒரு பக்கம்தான் படும்.

தண்ணீரில் போட்டால் கடினமாகிவிடுமா என்றால், ஆகாது. அது எஃகின் குணம். பித்தளைக்குத் தண்ணீர் செய்வதெல்லாம் சூடு கீழே இறங்காமல் தடுப்பது, அப்புறம் உடனே கையால் எடுக்க வசதி. நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை செய்தால் வேட்டைக்காரருக்குப் போதும், இலக்குச் சுடுகிறவர்களில் பலர் ஒவ்வொரு முறையும் செய்கிறார்கள். ராணுவக் கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் தெரிகிறதே, அதுவும் அனீலிங்தான், மற்ற கம்பெனிகளில் பல அந்த நிறத்தைத் துலக்கி எடுத்துவிட்டு விற்கின்றன.

கழுத்து நீண்டுகொண்டே போகிறது, வெட்டியே ஆக வேண்டுமா?

ஆம். .308க்கு உச்சம் 2.015 அங்குலம், வெட்டுவது 2.005க்கு. .223 ரெமிங்டனுக்கு 1.760, 1.750. கழுத்து நீளம் தாண்டினால் வாய் சேம்பரின் முடிவில் முட்டிக் குண்டை நெரிக்கும், குண்டு கிளம்ப மறுக்கும், அழுத்தம் எகிறும். இறுக்கிய பிறகு அளங்கள், இறுக்குவதே நீட்டும். வெட்டியதும் வாயின் உள், வெளி விளிம்புகளை லேசாகச் சீவுங்கள். கத்தி மாதிரி ஆக்க வேண்டாம், பிசிறு போனால் போதும்.

.308 கூட்டை .243 ஆக்க முடியுமா?

முடியும், .243 வின்செஸ்டர் பிறந்ததே அப்படித்தான். .308 வந்தது 1952, அதன் கழுத்தைச் சுருக்கி .243 வந்தது 1955. சுருக்கும்போது சுவர் தடிக்கும், எனவே குண்டு ஏற்றிய கழுத்தின் விட்டத்தை உங்கள் சேம்பரின் அளவோடு ஒப்பிடாமல் சுடக்கூடாது, தேவையானால் கழுத்தை வெளியே கடைய வேண்டும். ஒரே மூச்சில் இறக்காமல் இடையில் 7 மில்லிமீட்டர்-08 (இரண்டுக்கும் இடைப்பட்ட காலிபர்) டையில் ஒரு நிறுத்தம் வைத்தால் மடிப்பு விழாது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்ளே தடித்த வளையம் ஒன்று உருவாகும், டோனட் என்பார்கள். குண்டின் பின்பகுதி அதுவரை இறங்கினால் பிடி கன்னாபின்னாவென்று மாறும், உட்பக்கத்தைச் சீவும் ரீமரால் எடுத்துவிடலாம். அடிமுத்திரை இன்னும் .308 என்றே சொல்லும் என்பதால் மாற்றிய கூடுகளைத் தனிப் பெட்டியில், பெயர் எழுதி வையுங்கள்.

பிரைமர் தள்ளும் ஊசி உடைந்துவிட்டது, டை மோசமா?

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் பாக்சர் முறைப் பிரைமருக்கான கூடு, ஓரமாக இரண்டு சின்னத் துளை என்றால் பெர்டன் முறை, பெர்டனில் ஊசி உடையத்தான் செய்யும். வேடிக்கை என்னவென்றால் பெர்டன் அமெரிக்கர், அவர் முறை அமெரிக்காவுக்கு வெளியே ஓடியது, பாக்சர் ஆங்கிலேயர், அமெரிக்காவில் எல்லாம் அவர் முறை.

கழுத்து நேராக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோட்டாவை இரண்டு தாங்கிகளில் படுக்கவைத்து, டயல் காட்டியின் முனையைக் குண்டின் மேல் தொட்டு உருட்டுங்கள். முள் 3 தௌவுக்குள் ஆடினால் நல்ல தோட்டா. அதிகம் ஆடினால் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கூட்டை மட்டும் உருட்டிப் பாருங்கள்: சுட்டதும், இறுக்கியதும், உருண்டை வெளியேறியதும். பெரும்பாலும் உருண்டையில்தான் மாட்டும். கருவி இல்லாதவர் கண்ணாடிப் பலகையில் உருட்டிக் குண்டின் முனையைக் கவனித்தால் பெருங்கோணல் கண்ணுக்கே தெரியும்.

கையுறை தேவையா?

பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. கூடுகளை உலராக உருட்டித் துலக்கும் கருவியைத் திறக்கும்போது எழும் தூசிதான் மோசம், அதை வீட்டுக்குள் திறக்காதீர்கள். கையுறை போடுங்கள், போடாவிட்டாலும் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேலை மேசையில் டீ டம்ளர் வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், எனக்கு அதை விட இரண்டு வருஷம் ஆனது.